ஐந்தில் மூன்று என்ற கேள்வியை நான் திருத்திய விதம்

ஒரே கேள்விக்கு இருபத்தொரு பேர் பிழையான விடை எழுத, அத்தனை பேருக்கும் சரி போட்டவன் நான். அதே கேள்விக்குச் சரியான விடை எழுதிய ஒரேயொரு ஆளுக்கு இருபதுக்கு மூன்று புள்ளி போட்டேன். ஊரிலும் கனடாவிலுமாக முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்தவன் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆனாலும் போன மாதம் ஸ்காபரோவில் நான் படிப்பித்த பழைய பள்ளிக்கூடத்தில் புது ஆசிரியர்களுக்கு நடந்த கூட்டமொன்றில் என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னபோது இதைத்தான் சொன்னேன். அங்கே இருந்த ஆசிரியப் பிள்ளை ஒருத்தி, இப்போதெல்லாம் புள்ளியைக் கம்பியூட்டரில் அடித்து ஒரு பொத்தானை அமத்தினால் அடுத்த நிமிடமே மாணவரின் ஃபோனுக்குப் போய்விடும் என்றாள். எங்கள் காலத்தில் அந்தப் பொத்தான் இருக்கவில்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. முழுவதையும் எழுதித் தாருங்கள் சேர் என்று அவள் கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன்.

முன்கதையைச் சுருக்கிவிடுகிறேன். ஊரில் பதினொரு வருடம் வரலாறும் குடியியலும் படிப்பித்தேன். சண்டை பெருத்த பிறகு குடும்பத்தோடு கனடா வந்து, மிசிசாகாவில் ஒரு ஃபக்டரியில் நாலு வருடம் அட்டைப்பெட்டி மடித்தேன். மடித்துக்கொண்டே இங்கத்தைய ஆசிரியர் சான்றிதழையும் எடுத்தேன். தொண்ணூறுகளின் நடுவில் ஸ்காபரோவில், வளர்ந்தவர்களுக்கான பகல் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒப்பந்த வேலை கிடைத்தது. ஒப்பந்தம் என்றால், ஒவ்வொரு ஜூன் மாதமும் பாடத் தலைவி பார்த்து இந்த ஆள் அடுத்த வருடமும் வேண்டும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்பவும் அட்டைப்பெட்டிதான்.

எனக்குத் தந்த பாடம் அமெரிக்க வரலாறு. வகுப்பில் இருபத்திரண்டு பேர், எல்லாரும் தமிழர், ஒருவரைத் தவிர மற்ற எல்லாரும் யாழ்ப்பாணத்தார். சான்றிதழ்கள் எரிந்தோ தொலைந்தோ போனதால் பள்ளிப் படிப்பை இங்கே திரும்ப முடிக்க வந்தவர்கள். இவர்களுக்கு அமெரிக்காவில் அப்படியென்ன ஆசை என்று கேட்காதீர்கள். பாடம் காலை ஒன்பதுக்குத் தொடங்கிப் பதினொன்றரைக்கு முடியும். பின்னேர ஷிஃப்டுக்குப் போகிறவர்களுக்குத் தோதான நேரம், அவ்வளவுதான்.

நான் படிப்பித்தது ஊர் முறையில். நோட்ஸ் சொல்லுவேன், எழுதுவார்கள், பாடமாக்குவார்கள், சோதனையில் அப்படியே கக்குவார்கள். நானும் விடைத்தாள்களை என் புள்ளித்திட்டத்துக்குப் பக்கத்தில் வைத்து, சொல் சொல்லாகச் சரி போட்டுக்கொண்டு போவேன். புத்தகம் எல்லாரிடமும் இருந்தது. நோட்ஸ் இருக்கும்போது புத்தகத்தை யார் திறப்பார்கள்? உண்மையைச் சொன்னால், நானே சில அதிகாரங்களைத் திறக்கவில்லை.

பாடத் தலைவியின் பெயர் மிஸிஸ் வெப். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கறுப்பினப் பெண்மணி. ஒன்ராறியோவின் தென்மேற்கு மூலையில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய முன்னோர் கென்டக்கியில் அடிமைகளாக இருந்து, தப்பி ஓடி, டெட்ரோயிட் ஆற்றைக் கடந்து கனடாவுக்குள் வந்தவர்கள் என்று மற்ற ஆசிரியர்கள் சொல்லித்தான் அறிந்தேன். அவராகத் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார். குரலை உயர்த்தவும் மாட்டார். யாராவது பெரிய கருத்து ஒன்றைச் சொன்னால் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, "எங்கே அப்படி எழுதியிருக்கிறது?" என்று மட்டும் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் கருத்துச் சொல்வதை விட்டிருந்தார்கள். அதில் நானும் ஒருவன்.

அவருடைய பகுதியில் ஒரு நடைமுறை இருந்தது. இறுதிச் சோதனைப் புள்ளிகளை முதலில் பென்சிலால்தான் எழுத வேண்டும். செவ்வாய்க்கிழமை புள்ளிப் பட்டியலை அறைக் கதவில் ஒட்டுவோம். புதனும் வியாழனும் மாணவர்கள் வந்து தங்கள் விடைத்தாளை ஆசிரியருக்கு முன்னால் இருந்து வாசிக்கலாம், கேள்வி கேட்கலாம். வெள்ளி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் பேனாவால் எழுதி அலுவலகத்துக்குக் கொடுப்போம். இடையில் பென்சில் புள்ளி ஒன்றை மாற்றுவதானால் காரணம் எழுதி மிஸிஸ் வெப்பிடம் கையெழுத்து வாங்க வேண்டும். சிவப்புப் பேனாவிலேயே வாழ்ந்து பழகிய எனக்கு இது ஒரு அவமரியாதையாகத் தெரிந்தது. ஆசிரியன் போட்ட புள்ளியை மாணவன் வந்து கேட்பதா? ஊரில் யாரும் கேட்டதில்லை. இங்கேயும் எங்கள் ஆட்கள் கேட்கமாட்டார்கள், கதவில் பெயரைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் அந்த இரண்டு நாளும் எனக்கு ஓய்வு நாட்கள்தான்.

இனி அந்தக் கேள்வி. பிலடெல்பியாவில் கூடி அமெரிக்காவின் அரசியல் யாப்பை எழுதியவர்களுக்கு ஒரு சிக்கல் வந்தது. கீழ்ச்சபையில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் சனத்தொகைப்படி ஆசனம். அடிமைகளைச் சனத்தொகையில் சேர்ப்பதா விடுவதா? கடைசியில் ஓர் அடிமையை ஐந்தில் மூன்று என்று எண்ணுவதாக இணங்கினார்கள். சனாதிபதியைத் தெரிவு செய்யும் வாக்குகளும் அந்த ஆசனக் கணக்கைத்தான் பின்பற்றின. யார் என்ன நிலைப்பாடு எடுத்தார்கள், ஏன் என்பதுதான் என் கேள்வி. இருபது புள்ளி.

நான் சொன்ன நோட்ஸ் இது: அடிமை முறையை எதிர்த்தவர்கள், அடிமையும் முழு மனிதனே, முழுதாக எண்ணுங்கள் என்று வாதாடினார்கள். அடிமைகளின் சொந்தக்காரர்கள், அவன் மனிதனே இல்லை, எண்ணாதீர்கள் என்றார்கள். இழுபறிப்பட்டு ஐந்தில் மூன்றில் வந்து நின்றது.

முழுப் பிழை. நேர் எதிர். அதை எந்தப் புத்தகத்திலும் நான் வாசிக்கவில்லை. எனக்கு அது தானாகவே தெரிந்திருந்தது. எங்கள் அரசியலில் பிறந்த நாள்முதல் கேட்டது, எங்களைக் குறைத்து எண்ணுகிறார்கள் என்ற முறைப்பாடுதானே. ரொறன்ரோவில் எந்தத் தமிழ்க் கூட்டத்துக்குப் போனாலும் மைக்கைப் பிடித்த முதல் ஆள் நாங்கள் இங்கே இத்தனை ஆயிரம் பேர் என்றுதான் தொடங்குவார். போன வருடத்தைவிட அது எப்போதும் கூடியிருக்கும். எண்ணிக்கை கூடினால் நல்லது, குறைத்து எண்ணுகிறவன் எதிரி. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பிலடெல்பியாவைப் பார்த்தேன்.

புதன்கிழமை காலை ஆசிரியர் அறையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது தெய்வானை வந்தார். யாழ்ப்பாணத்தவர் அல்லாத அந்த ஒருவர் அவர்தான். முப்பத்தெட்டு வயது. மலையகத்தில் ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடான லயத்தில் பிறந்து, கலவரத்துக்குப் பயந்து வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து கனடா வந்தவர். மில்லிக்கனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நேர்சிங் படிக்கக் கொலிஜில் இடம் கொடுத்திருந்தார்கள், ஒரு நிபந்தனையோடு. இந்தப் பாடத்தில் அறுபது புள்ளி எடுத்திருக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் அதைக் காட்ட வேண்டும். கதவில் அவருடைய பெயருக்கு நேரே ஐம்பத்துநாலு என்று நான் எழுதியிருந்தேன்.

என் மாணவர்களில் பேப்பரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வந்த முதல் ஆள் அவர். எனக்குப் பிடிக்கவில்லை. எடுத்துக் கொடுத்து, இந்தக் கேள்வியில் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள், நோட்ஸ் படிக்கவில்லையா என்று கேட்டேன். அந்த நோட்ஸ் சொன்ன அன்று வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், அதனால் வகுப்புக்கு வரவில்லை, புத்தகத்தைத்தான் வாசித்தேன் என்றார். பஸ் ட்ரான்ஸ்பர் துண்டை அடையாளமாக வைத்திருந்த பக்கத்தை விரித்து என் முன்னால் வைத்தார். நான் அதைப் பார்க்காமலே, அடிமைச் சொந்தக்காரன் அடிமையை முழு மனிதனாக எண்ணச் சொல்லிக் கேட்பானா, கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் என்றேன். குரலில் கொஞ்சம் எகத்தாளமும் இருந்திருக்கும்.

அவர் கோபப்படவில்லை. விடைத்தாளின் ஓரத்தைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"கேப்பான் சார். எங்க தோட்டத்துல எங்க எல்லாரையும் எண்ணுனாங்க. லயத்துல ஒரு காம்பரா விடாம வந்து, கைப்புள்ளையக்கூட எண்ணிட்டுப் போனாங்க. ஓட்டு மட்டுந்தான் இல்ல. எங்கள எண்ணித்தான் அந்த ஊருக்கு ஸீட்டு. அந்த ஸீட்டுல ஒக்காந்தவரு எங்களைத் தொரத்தணும்னு பேசுனாரு. எண்ணாம விட்டிருந்தா அந்த நாற்காலியே இருந்திருக்காதுன்னு எங்கப்பா சொல்லுவாரு."

தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். குடியியல் படிப்பித்தவன் நான். சுதந்திரத்தோடு மலையகத் தோட்டத் தொழிலாளரின் பிரசாவுரிமையும் வாக்கும் பறிபோனதை ஒரு பாடமாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிரதிநிதிகள் சிலர் அந்தச் சட்டங்களில் ஒன்றுக்குக் கை தூக்கியதை மட்டும் வேகமாகக் கடந்துபோவேன். தொகுதி பிரிக்கும்போது சனத்தொகைக்கு இவ்வளவு, பரப்பளவுக்கு இவ்வளவு என்பதை இன்னொரு பாடமாகச் சொல்லியிருக்கிறேன். சனத்தொகை என்றால் பிரசைகள் மட்டுமல்ல, அங்கே வசிக்கும் எல்லாரும் என்றும் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். பதினொரு வருடத்தில் ஒருநாளாவது அந்த இரண்டு பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், வாக்கில்லாத அந்தச் சனத்தின் தலைகளை எண்ணி, வாக்கிருந்த பக்கத்து ஊர்க்காரருக்கே ஆசனம் போனது அங்கேயே தெரிந்திருக்கும். வெட்கமாக இருந்தது. என் தாய்மொழிக்காரர் ஒருவருக்கு நடந்ததை அவர் வாயால் கேட்டுத்தான் அமெரிக்கா எனக்கு விளங்கியது.

பிறகுதான் புத்தகத்தைப் பார்த்தேன். எல்லாம் அச்சில் கிடந்தது. முழுதாக எண்ணச் சொன்னவர்கள் தெற்கு மாநிலங்களின் அடிமைச் சொந்தக்காரர்கள். எண்ணவே கூடாது என்றவர்கள் வடக்குப் பக்கத்தார். உங்கள் சொத்துக்கு ஆசனம் என்றால் எங்கள் மாட்டுக்கும் குதிரைக்கும் ஏன் இல்லை என்று ஒருவர் கேட்டுமிருக்கிறார். இன்னும் ஒரு மணித்தியாலத்தில் வந்து பாருங்கள் என்று தெய்வானையை அனுப்பினேன்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் மனதில் ஓடியதை மறைக்கமாட்டேன். அழிறப்பரைக் கையில் எடுத்தேன். தெய்வானையின் மூன்றை அழித்துப் பதினெட்டு என்று எழுதினால் அவருக்கு அறுபத்தொன்பது. கையெழுத்துக்குக் காரணமாகக் கூட்டல் பிழை என்று எழுதலாம், மிஸிஸ் வெப் நம்பிவிடுவார். மற்ற இருபத்தொரு பேரும் பிழையான விடைக்கு நல்ல புள்ளியோடு சந்தோஷமாகப் போவார்கள். ஒருவருக்கும் நட்டமில்லை. உண்மையைச் சொன்னாலோ அவர்களின் புள்ளியைக் குறைக்க வேண்டும், ஒன்பது பேர் விழுவார்கள், அதோடு என் ஒப்பந்தமும் போகும். மிசிசாகா ஃபக்டரியின் மேற்பார்வையாளர் முகம் கண்ணுக்குள் வந்தது. ஆனால் கூட்டல் பிழை என்று எழுதப்போனால் கை ஓடவில்லை. அந்த மனுசி தன் தகப்பனின் கதையைச் சொல்லித் தன் புள்ளியை மீட்க வந்திருக்கிறார், நான் அதற்குக் கூட்டல் பிழை என்று பெயர் வைப்பதா? விடைத்தாள் கட்டை அள்ளிக்கொண்டு மிஸிஸ் வெப்பின் அறைக்குப் போனேன்.

அவர் விடைத்தாள்களை எழுந்து நின்று, வாய்விட்டு, எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் வாசிப்பார். எழுதியவருக்குத் தன் குரலால் உதவி செய்யவோ கெடுக்கவோ கூடாது என்பது அவர் கொள்கை. முதலில் தெய்வானையினுடையதை வாசித்தார். மேலேயிருந்து இன்னொன்றை எடுத்து வாசித்தார். அடுத்ததை எடுத்தார். அடுத்ததை. நாலாவதில் நிறுத்திவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். நாலிலும் ஒரே வசனம், ஒரே முற்றுப்புள்ளி.

"ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினார்களா?" என்று கேட்டார்.

"இல்லை, என்னைப் பார்த்து எழுதினார்கள்" என்றேன்.

"எங்கே அப்படி எழுதியிருக்கிறது?"

என் நோட்ஸைத் தவிர எங்கும் இல்லை என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். தெய்வானை சொன்னதையும் சொன்னேன். அதை இரண்டாம் தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு யன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டு, அதே ஏற்ற இறக்கமில்லாத குரலில், "கென்டக்கியில் எங்கள் ஆட்களையும் எண்ணினார்கள். நல்லவேளை, ஐந்தில் மூன்றோடு நிறுத்தினார்கள்" என்றார்.

சிரிப்பதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கொஞ்சம் சிரித்தார். உள்நாட்டுப் போருக்குப் பிறகு ஐந்தில் ஐந்தாக்கினார்கள், ஆனால் தெற்கில் வாக்குப் போட விடாமல் வழியெல்லாம் அடைத்தார்கள், அப்போது அந்த எசமான்களுக்கு முன்பைவிட ஆசனம் கூடிவிட்டது, உன் மாணவியின் தகப்பன் சொன்னது அதுதான் என்றார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

பிறகு வேலைக்கு வந்தார். ஆசிரியரின் பிழை மாணவர் தலையில் விழக்கூடாது. பிழையான விடைக்குப் புள்ளி கொடுக்கவும் கூடாது. ஆகவே தெய்வானைக்கு இப்போதே பதினெட்டு, கையெழுத்து. மற்றவர்களை நாளை காலை ஒன்பதுக்குக் கூப்பிடு, பிழையை நீயே சொல், திரும்பப் படிப்பி, அந்தக் கேள்வியை மட்டும் திரும்ப எழுதட்டும். கதவு வரை போனவனைக் கூப்பிட்டு, "நோட்ஸ் சொல்லாதே. கதிரைகளையும் பைகளையும் பயன்படுத்து" என்று எப்படிச் செய்வது என்பதையும் விளக்கினார்.

திரும்பி வந்த தெய்வானையிடம் பதினெட்டைக் காட்டிவிட்டு, அன்று முழுவதும் இருபத்தொரு பேருக்கு ஃபோன் அடித்தேன். எடுத்த எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "மாஸ்டர், பெயிலோ?" என்பதுதான்.

வியாழக்கிழமை எல்லாரும் வந்தார்கள், வரத் தேவையில்லாத தெய்வானையும் வந்து பின்வரிசையில் இருந்தார். நான் எழுந்து நின்று சொன்னேன். ஊரில் ஆசிரியர் பிழை விட்டேன் என்று சொல்லி அவர்களும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பரராசசிங்கம் என்பவர் கையை உயர்த்தினார். ஊரில் வங்கியில் இருந்தவர், விட்பியிலிருந்து ஒவ்வொரு நாளும் கார் ஓடி வருகிறவர், கணக்கில் விட்டுக்கொடுக்கமாட்டார்.

"நீங்கள் சொன்னதைத்தானே மாஸ்டர் எழுதினனாங்கள். இப்ப பிழையெண்டால் அது ஆரின்ரை பிழை?"

"என்ரை பிழை. உங்களிலை ஒரு பிழையும் இல்லை" என்றேன். சொல்லி முடித்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது மாதிரி இருந்தது.

பத்துப் பேரை யன்னல் பக்கம் இருத்தினேன், அது வடக்கு. பரராசசிங்கத்தையும் சேர்த்து ஐந்து பேரைக் கதவுப் பக்கம் இருத்தினேன், அது தெற்கு. தெற்குக்குப் பக்கத்தில் பத்துக் கதிரை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு பையை வைத்தேன். மிச்ச ஆறு பேரும் எண்ணுகிறவர்கள். தெய்வானை மட்டும் தன் பையைத் தரவில்லை, மடியிலேயே வைத்திருந்தார். ஐந்து பேருக்கு ஒரு பிரதிநிதி என்றேன். வடக்குக்கு இரண்டு. பைகளை எண்ணாவிட்டால் தெற்குக்கு ஒன்று. முழுதாக எண்ணினால் தெற்குக்கு மூன்று. ஐந்து பேர் பத்துப் பேரை வெல்லுவார்கள். ஐந்தில் மூன்றாக எண்ணினால் பத்துப் பை ஆறாகும், ஐந்தோடு சேர்த்துப் பதினொன்று, அப்போது தெற்குக்கும் இரண்டு.

பரராசசிங்கம் தன் பக்கத்துப் பைகளைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நான் இன்னும் பத்துப் பை வாங்கினால் எனக்கு ஆசனம் இன்னும் கூடுமோ?" என்றார்.

கூடும் என்றேன். அடிமைகளைக் கப்பலில் கொண்டுவருவதை இருபது வருடத்துக்குத் தடுக்கக்கூடாது என்றும் அதே யாப்பில் எழுதி வைத்தார்கள் என்றேன். வடக்குப் பக்கமிருந்து ஒரு பெண், உந்தப் பைகளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டார். பரராசசிங்கம் எழுந்து போய்ப் பின்வரிசையில் தெய்வானைக்குப் பக்கத்தில் நின்று, உங்களுக்கு இது எப்படித் தெரிந்தது என்று கேட்டார். அவர் சொன்னார். நான் தலையிடவில்லை, எல்லாரும் திரும்பியிருந்து கேட்டார்கள். தோட்டக்காட்டு ஆள் என்று அவரைப் பற்றி முன்பு வகுப்பில் கிசுகிசுத்தவர்களும் அதில் இருந்தார்கள். அதைக் கேட்டும் கேளாதவனாய் இருந்தவன் நான். அதன்பிறகு அரை மணித்தியாலம் எழுதினார்கள். அன்றுதான் முதன்முதலாக என் மாணவர்களின் இருபத்தொரு விடையும் இருபத்தொரு விதமாக இருந்தன. திருத்த நேரம் எடுத்தது, ஆனால் ஒருவரும் விழவில்லை. பரராசசிங்கத்துக்குப் பதினாலு.

வெள்ளி மத்தியானம் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்திலிருந்து கொலிஜுக்கு ஃபக்ஸ் போனது. தெய்வானை நடைபாதையில் இருந்த கட்டணத் தொலைபேசிக்குப் பக்கத்து வாங்கில் இருந்தார். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துக் கேட்டார். ஒருமுறை வந்து சேரவில்லை என்றார்கள், இன்னொருமுறை பொறுப்பானவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள். நான் ஒரு வேலையும் இல்லாமல் அந்த நடைபாதையால் போய் வந்துகொண்டிருந்தேன். மூன்று மணிக்கு அவர் ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பி, "கெடச்சிருச்சு சார்" என்றார். நானும் அந்த வாங்கிலேயே இருந்துவிட்டேன். அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னேன். அன்று பின்னேரமே மிஸிஸ் வெப் என் ஒப்பந்தக் கடிதத்தைத் தந்தார். நான் விட்ட பிழையை ஒரு வரியில் ஒளிக்காமல் எழுதியிருந்தார். அதை இவர் தானாகவே கொண்டுவந்து காட்டினார் என்று அடுத்த வரியில் எழுதி, அடுத்த வருடமும் வேண்டும் என்று கேட்டிருந்தார். என் பிள்ளைகள் அன்று பீட்சா சாப்பிட்டார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் கைக்கு வருவதற்கு முன், வாங்கில் இருந்தபோது, நன்றி சொன்ன தெய்வானையிடம் நன்றி எனக்கல்ல, நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றேன். அதை விடுங்க சார் என்றவர், ஒன்று கேட்டார்.

"ஊர்ல நீங்க தொகுதி பிரிக்கிறதப் படிச்சுக் குடுத்தப்ப, எங்களப் பத்தி என்ன சார் சொன்னீங்க?"

"ஒண்டும் சொல்லேல்லை" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். குத்திக்காட்டுவதற்காகக் கேட்டதாகத் தெரியவில்லை. "இனிமே சொல்லுங்க சார்" என்றுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

செப்டெம்பரில் புது வகுப்பு வந்தது. அந்தப் பாடத்தை நான் பிலடெல்பியாவில் தொடங்கவில்லை, ஹற்றனில் தொடங்கினேன். கரும்பலகையில் தோட்டத்தையும் லயத்தையும் அதற்குப் பக்கத்து ஊரையும் கீறி, யாரை எண்ணினார்கள், யாருக்கு வாக்கு இருந்தது என்று எழுதிக்கொண்டிருந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒருவர் கொப்பியை மூடி வைத்துவிட்டு, "மாஸ்டர், உது சோதினைக்கு வருமோ?" என்று கேட்டார்.

"ஓம், வரும்" என்றேன். கொப்பியைத் திறந்தார்.